வாசலில் கூப்பிட்ட பெயர்

எனக்குச் சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. மற்றவர்கள் பேசியதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒருவர் பேசுவதைக் காதில் வாங்கி, நிறுத்தி, எழுதி, மறுபடி வாங்கி, அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதனால் இதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த துறையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னது நந்தினி. சமூகவியல் துறையில் இப்போது ஆராய்ச்சி செய்கிற பெண். "சரசக்கா, உங்க காலத்துல கேசட் எப்பிடி எழுதுனீங்கன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப கம்ப்யூட்டரே கேட்டு எழுதிப்போடுது. கையில எழுதுனாங்கன்னா யாரும் நம்பவே மாட்டேங்கறாங்க" என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அலமாரியில் இருக்கிற பழைய கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். எந்த ஊரில் இருக்கிறவரும் உட்கார்ந்த இடத்தில் கேட்கலாமாம். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேசட் எழுதுகிற முறையும் நடுவில் வரும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஊர், தெரு, தொழில் சிலதை மாற்றியிருக்கிறேன். எது நிஜம் என்று கேட்காதீர்கள். நேரில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை, பெரியநாயக்கன்பாளையத்தில். கட்டிக்கொடுத்தது சிங்காநல்லூர். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடின பிறகு, துறையில் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். டீயைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் அறையில் யாரும் இல்லாதபோது போன் அடித்தது. எடுக்கப் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். எடுத்து, அந்தப் பக்கம் பேசினவர் சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தேன். 'ஏனுங்க மேடம் இல்லீங்களா சேரி சேரி அவிங்க வந்தாங்கன்னா நாளைக்கு மீட்டிங் இல்லீன்னு சொல்லிப்போடுங்க சார்க்கு ஒடம்பு செரியில்லீங்க ரெண்டு நாளா' என்று மூச்சு விடாமல் எழுதியிருந்தேன்.

அந்தக் காகிதத்தைக் கௌசல்யா மேடம் இரண்டு தடவை படித்தார். பிறகு வராந்தாவில் கூட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இதை எழுதுனது நீயா அம்மணி?" என்றார்.

தப்பாகிவிட்டது என்று நினைத்து விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"எம்.ஏ. படிச்சவங்க நாலு பேரை வெச்சு எழுத வெச்சேன். ஆடு மேய்க்கறவரு பேசுனதை ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி மாத்திப்போட்டாங்க. நீ ஒண்ணையும் மாத்துல. நாளையிலிருந்து உனக்கு வேற வேலை" என்றார்.

மேடம் கொடுமுடிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தருக்கு 'நான் இந்த நாட்டு ஆள்' என்று எதனால் தோன்றுகிறது, எதனால் தோன்றாமல் போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கையில் எல்லாக் காகிதமும் இருந்தும் ஊருக்குள் அந்நியராய் இருப்பவர்கள் உண்டு, ஒரு காகிதமும் இல்லாமல் ஊர்க்காரராய் இருப்பவர்களும் உண்டு என்பார். இரண்டு வகை ஆட்களையும் தேடிப் போய்ப் பேசுவார். பேசினது கேசட்டாக வரும். கேசட் என்னிடம் வரும்.

எழுதுகிற முறை இது. பட்டைப் பட்டையாகச் சாவி வைத்த டேப் ரெக்கார்டர். காதில் மாட்டிக்கொண்டு அரை வாக்கியம் கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், எழுத வேண்டும். பேசுகிறவர் சொல்லை இழுத்தால் நானும் எழுத்தை இழுக்க வேண்டும். பேச்சு நின்றால் ஒரு மூச்சுக்கு ஒரு புள்ளி. அழுகை, சிரிப்பு, இருமலை வட்டத்துக்குள் எழுத வேண்டும். வெளியிலிருந்து வருகிற சத்தத்தைச் சதுர அடைப்புக்குள். குக்கர் விசில், பஸ் ஹாரன், நாய், எல்லாமே.

"சத்தமெல்லாம் எதுக்குங்க மேடம்?" என்று முதல் வாரம் கேட்டேன். அதைக் கேட்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

"குக்கர் விசில் அடிச்சதும் ஒருத்தி பேச்சை நிறுத்துனான்னு வெய்யி. விசிலை நீ எழுதலீன்னா, அவ துக்கத்துல நிறுத்திப்போட்டான்னு நான் புஸ்தகத்துல எழுதிப்போடுவேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சத்தத்தையும் விடவில்லை.

இன்னொரு வேலை, பெயர் மாற்றுவது. பேசினவருடைய பெயரோ, ஊரோ, வேலை செய்கிற இடமோ வந்தால், எழுதும்போதே நான் அதன் அடியில் பென்சில் கோடு போட வேண்டும். எழுதி முடித்த நோட்டு மேடத்திடம் போகும். கோடு போட்ட இடமெல்லாம் பார்த்து, மேலே சிவப்பு மையில் வேறு பெயர் எழுதுவார். எந்தப் பெயருக்கு எது மாற்று என்று ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. அது இரும்பு அலமாரியில், சாவி மேடத்தின் கைப்பையில். கேசட் மேலே வெறும் எண்தான் இருக்கும். யாரும் மேலே பதிந்துவிடாமல் இருக்க, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை மேடமே உடைத்துவிடுவார்.

பெண்களிடம் பேசப் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப் போவார். அவர் நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். கொடுக்கிறவர் எந்த டம்ளரில் கொடுத்தாலும் வாய் வைத்துத்தான் குடிப்பார். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் இவரும் தரையில். கையில் காகிதம் வைத்துக்கொள்ள மாட்டார். "காயிதத்தை எடுத்தா ஆபீசர் ஆயிப்போடுவோம் சரசு" என்பார். 'உங்க சொந்த ஊர் எது?' என்று ஒருநாளும் தொடங்க மாட்டார். "இந்த ஊட்டுக்கு எப்பங்க குடி வந்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசியில், பேசினதில் எது வேண்டாமென்றாலும், எந்த வருடம் வந்து கேட்டாலும் எடுத்துவிடுவோம் என்று சொல்லி, அதை எழுதின தாளில் கையெழுத்துப் போட்டு அவர்களிடமே கொடுத்துவிட்டு வருவார்.

கோவையின் பழைய ஊர்ப் பக்கம் குடை ரிப்பேர் செய்கிற ஒரு பாய் இருந்தார். கடைச் சுவரில் அவருடைய தாத்தாவின் ஐந்தாவது வகுப்புச் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மேடம் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் நீ எந்த ஊர்க்காரன்னு கேட்டா காட்டலாமுன்னு மாட்டி வெச்சேனுங்க. முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கல" என்றார்.

"கேக்காம இருந்தா நல்லதுதானுங்களே" என்றார் மேடம்.

"நல்லதுதானுங்க. ஆனா கேக்காம இருக்க இருக்கத்தான் பயம் அதிகமாவுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை வட்டத்துக்குள் எழுதினேன்.

இப்போது அந்தக் கேசட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். நோட்டில் அவளுக்கு வசந்தா என்று பெயர். வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார், பையன் ஒன்று, பெண் ஒன்று. தண்ணீர்க் குழாயில் பார்ப்போம். நான் செய்கிற வேலையைப் பற்றி ஒரு தடவை கேட்டாள், சொன்னேன். பிறகு பத்துப் பதினைந்து நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அக்கா, அந்த மேடத்துக்கிட்ட நானும் பேசலாங்களா? ஒருக்காவாச்சும் யாருகிட்டயாவது சொல்லிப்போடோணும்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. நான்தான் மேடத்தைக் கூட்டி வந்தேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஒரு மத்தியானம் அவள் வீட்டில் வைத்துப் பேசினாள். நானும் இருந்தேன். அவள் கொடுமுடிக்காரி என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவள் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயம் என்பார்கள். சண்டையில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு சித்தியோடு படகில் வந்திருக்கிறாள். அணைப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தாள். வெளியே வேலைக்கு வந்த இடத்தில் லேத்துக்காரர் விரும்பினார். கொடுமுடிக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, முகாமுக்குத் திரும்பவே இல்லை. அங்கே பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே மாமியார், "கொடுமுடியில எடுத்தோம்" என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பேச்சை வைத்தே ரேஷன் கார்டில் பெயர் ஏறியது, பிறகு ஓட்டர் கார்டு வந்தது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

"மொத வேலையா ங்க போட்டுப் பேசப் பழகுனேனுங்க மேடம். ங்க போட்டுட்டா யாரும் எந்த ஊருன்னு கேக்கறதில்ல" என்றாள். மேடம் சிரித்தார், அவளும் சிரித்தாள். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேசும்போது அந்த 'ங்க' எல்லாம் போய்விட்டது. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"யாராவது போலீசுல சொல்லிப்போடுவாங்கன்னு பயமுங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஊட்டுக் கதவை யாராச்சும் வேகமாத் தட்டுனா, மொதல்ல புள்ளைங்களைப் பாப்பனுங்க. அப்பறமேதான் கதவைத் தொறப்பேன்."

"நீங்க எந்த நாடுன்னு உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாத்ததுண்டுங்களா?"

நோட்டில் பதினொரு புள்ளி வைத்தேன். பிறகு சொன்னாள். "அட்டையில இருக்கறது அட்டையோடதுங்க. நானு இல்லாதப்ப தண்ணி வந்தா, இந்த வீதியில என்ற கொடத்தையும் வரிசையில எடுத்து வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல என்னங்க நாடு?"

அப்போது எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஏ வசந்தா! லேத்துக்காரர் ஊட்டம்மா! உன்ற கொடத்தை வெச்சுப்போட்டேன், வா சீக்கிரம்!" இங்கே வசந்தா என்று எழுதுகிறேன். அவள் கூப்பிட்டது சொந்தப் பெயரை.

"வாரேனுங்க்கா!" என்று இவள் எழுந்து போனாள்.

மறுநாள் அந்தக் கேசட்டை எழுதினேன். என் வேலையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதினதில்லை. எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டதை, வெளியிலிருந்து வந்ததால், சதுர அடைப்புக்குள் போட்டேன். அடைப்புக்குள் நான் எப்போதும் பென்சில் கோடு போடுவதில்லை. குக்கருக்கும் நாய்க்கும் எதற்குக் கோடு? கோடு இல்லாத இடத்தில் மேடத்தின் கண் நிற்காது. நிற்காதது அவர் தப்பில்லை. ஒரு மனுஷி பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் சத்தத்தோடு சேர்த்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து மேடத்தின் புத்தகம் அச்சாகி வந்தது. எனக்கும் ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். வசந்தாவின் அந்தப் பேச்சை, இருக்கிறதிலேயே நல்ல பேச்சு என்று, மேடம் முழுசாகப் போட்டிருந்தார். முகாம், படகு, கொடுமுடி, ரேஷன் கார்டு எல்லாம் இருந்தது. அதன் முடிவில், சதுர அடைப்புக்குள், அவள் சொந்தப் பெயரும் லேத்தும். பேசினவர்கள் இருக்கிற பகுதி கிழக்குக் கோவை என்று முன்னுரையிலேயே இருந்தது. எங்கள் தெருவில் யார் படித்தாலும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த பஸ் பிடித்துத் துறைக்கு ஓடினேன். மேடம் மேசையில் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"எத்தனை புஸ்தகம் வெளிய போச்சு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அச்சடித்ததே கொஞ்சம்தான். துறையில் இருந்த கட்டுகளைப் பிரித்து, நானும் மேடமும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்தோம். மை மறுபக்கம் ஊறும், அதனால் அடியில் ஒரு தாள். கொடுத்தவர்களிடம் போன் செய்து திரும்ப வாங்கினோம். எல்லாம் கிடைத்தன, ஒன்று தவிர. அது எங்கள் பகுதி நூலகத்துக்குப் போயிருந்தது. மேடம் போகிறேன் என்றார். நான்தான் போகிறேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை.

ஆம்பிளைகள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்து, மூலையில் திரும்பி உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். பாதி அடித்திருப்பேன்.

"ஏனுங்கம்மா, லைப்ரரி புக்குல என்ன பண்றீங்க?" நூலகர் தலைக்கு மேல் நின்றார்.

மை கோணலாகப் போனது. "என்ற பேருங்க. என்னையக் கேக்காம போட்டுப்போட்டாங்க" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். அவள் கதை முழுவதையும் இப்போது என் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. போலீசுக்குப் போன் செய்வாரா என்று அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாதி எழுத்து தெரியுதுங்க. நல்லா அடிங்க" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வசந்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று மேடத்தைக் கெஞ்சினேன். எல்லாப் பிரதியும் அடித்தாகிவிட்டதே, எதற்கு அவளைக் கலக்க வேண்டும்? மேடம் கேட்கவில்லை. "பேச்சு அவளோடது சரசு. தப்பு நடந்தா மொதல்ல அவளுக்குத்தான் தெரியோணும்" என்றார்.

போய்ச் சொன்னோம். மேடம் தன் தப்பு என்றார். நான் என் தப்பு என்றேன். வசந்தா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அடித்த பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். "நான்தானுங்களே சொன்னேன்" என்றாள். பிறகு எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் அதைக் குடிக்கவே இல்லை.

ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்தார்கள். புத்தகத்தை எங்கள் தெருவில் யாரும் படிக்கவில்லை, யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் போனார்கள். சாமான் ஏற்றின வண்டிக்குப் பக்கத்தில் நின்று, "எங்க போறீங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டனுங்க்கா. சொன்னா நீங்க எழுதிப்போடுவீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி அழுதுகொண்டு நின்றாள், எதற்குப் போகிறார்கள் என்றே தெரியாமல்.

பணி ஓய்வு பெற்ற வாரம் மேடம் அந்தப் பெயர்க் குறிப்பேட்டையும் நான் எழுதின நோட்டுகளையும் எரித்துவிட்டார். சில வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். பெயர்கள் இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் கேசட் இருந்தது. எண் மட்டும் எழுதின அந்தக் கேசட்டில் அவள் குரலும், படகும், முகாமும், கடைசியில் அந்தக் கூப்பாடும் அப்படியே இருந்தன. நந்தினி சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் அடைப்புக்குறி எல்லாம் பார்க்காது. கேட்டதை எழுதிவிடும்.

அதே வாரம்தான் எங்கள் பக்கத்தில் ஓட்டர் பட்டியல் சரிபார்த்தார்கள். பழைய பட்டியலில் உங்கள் பெயர் உண்டா, இல்லையென்றால் அப்பா அம்மா பெயர் உண்டா என்று கேட்டு ஒரு பாரம். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பாரத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் தள்ளி ஒரு நரைத்த தலை. திரும்பினபோது பார்த்தேன். வசந்தா. பழைய பட்டியலில் அவள் பெயர் எங்கள் தெருவில்தானே இருக்கும்? அதைத் தேடி வந்திருந்தாள்.

மேசையில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். "பேரு இருக்குதுங்கம்மா. பொறந்த ஊருங்க?"

"கொடுமுடிங்க."

"அப்பா அம்மா எந்த பூத்துங்க?"

"அவிங்க இல்லீங்க" என்றாள் வசந்தா. அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பட்டியல் பிறகு வரும் என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டேன். "எப்படி இருக்கற கண்ணு?" என்று கேட்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கோபமாக இல்லை. எதிர்வீட்டுக்காரி எங்கே என்று கேட்டாள். போன தையில் தவறிப்போனதைச் சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டாள். பிறகு கேசட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அது இன்னும் இருக்குதுங்களா? அப்பவே அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்களே! என்ற பையனுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்குதுங்க்கா..."

மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை ஞாபகப்படுத்தினேன். எந்த வருடம் வந்து கேட்டாலும் எடுத்துவிடுவோம் என்று எழுதினது. அதை அவள் தொலைக்கவில்லை. ஓட்டர் அட்டையோடு அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள்.

மறுநாள் துறைக்குக் கூட்டிப் போனேன். நந்தினியிடம் எண்ணைச் சொல்லி, அந்தக் கேசட் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நந்தினி, உன்னிடம் காரணம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். யாராவது தடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

கேசட்டின் முதுகில் மேடம் பல்லை உடைத்த இடத்தில் ஒட்டு டேப் ஒட்டினேன். அப்போதுதான் மேலே பதியும். மைக் சொருகுகிற துளையில் மைக் இல்லாத வெறும் பின்னைச் சொருகினேன். அப்போதுதான் அறைச் சத்தம் ஏறாது. சிவப்புச் சாவியையும் பக்கத்துச் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரலை வைத்தேன்.

"அழிக்கறதுக்கு முன்னால ஒருக்காக் கேக்கட்டுங்களா?" என்றாள்.

அவள் பேச்சைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. ஓட்டி, ஓட்டி, இரண்டாம் பக்கத்தின் முடிவுக்கு வந்தோம். எதிர்வீட்டுக்காரியின் குரல் அறைக்குள் வந்தது. செத்துப்போனவள் வாசலில் நின்று குடத்தை வைத்துவிட்டேன், வா என்று கூப்பிட்டாள். வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இதை மட்டும் அழிக்க வேண்டாங்க்கா" என்றாள்.

"பேரு இருக்குதே கண்ணு. இதனாலதான் எல்லாமே."

"மத்ததெல்லாம் போயிருச்சுன்னா, இதைக் கேக்கறவங்களுக்கு என்னங்க்கா தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு பொம்பளையைத் தண்ணி புடிக்கக் கூப்புடறாங்கன்னு தெரியும்."

"அவ்வளவுதானுங்களே? எந்த ஊர்லயும் கூப்புடறதுதானுங்களே?"

அழிப்பதற்கும் பேசின அளவுக்கு நேரம் ஆகும். ஒரு பக்கம் முக்கால் மணி நேரம், இரண்டு பக்கம். சத்தமே இல்லாமல் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வராந்தாவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். முடிவு வர வர விரலைச் சாவி மேலேயே வைத்திருந்தேன். ஒரு நொடி பிந்தினால் அந்தக் குரலும் போய்விடும். எண் ஓடுகிற சின்னக் கண்ணாடியையே பார்த்திருந்து, சரியான இடத்தில் நிறுத்தினேன். கூப்பாட்டைத் தாண்டி, மறுபடி அழுத்தி, மீதியை அழித்தேன். பிறகு போட்டுக் கேட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு அந்தக் குரல், பிறகு ஒன்றுமில்லை.

கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மெஷின் கிடையாது. பரவாயில்லை என்றாள். இந்தத் தடவையும் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "லிஸ்ட்டு எப்பங்க்கா வருது?" என்று மட்டும் படியில் நின்று கேட்டாள். தெரியாது என்றேன். தினமும் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். என் பெயரை நான் தேடப் போவதில்லை.

துறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் கேசட்டுகளை எண் பார்த்து எடுக்கும்போது, ஓர் இடம் காலியாக இருக்கும். தொலைந்துவிட்டது என்று எழுத வேண்டாம், கொடுத்தவரிடமே திரும்பப் போய்விட்டது என்று எழுதுங்கள். பக்கத்துக் கேசட்டை நகர்த்தி அந்த இடத்தை நிரப்பிவிடாதீர்கள்.